கழிவு போக

மூன்றாம் நிறுவைக்குச் சங்கு ஊதிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஆனால் அந்த மாதம் தேயிலைக் கொழுந்து மடமடவென்று விட்டுக்கொண்டிருந்ததால் தோட்டத்தில் ஞாயிறும் வேலை நாளாகிவிட்டிருந்தது. நிறுவைக் கொட்டகையில் ருக்குமணியின் கூடை தராசுக் கொக்கியில் தொங்கியது. முள் ஆடி நிற்பதற்குள், ஆபீஸ் பக்கமிருந்து, கணக்கெழுதும் பெரிய கிராணி செல்லையா சரிவில் வழுக்கி வழுக்கி இறங்கி வந்தார். அவர் ஓடி அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை.

மலைக்குக் கீழே ஈப்போ டவுனிலிருந்து போன் வந்ததாகச் சொன்னார். நாகரத்தினத்துக்கு அடிபட்டிருக்கிறதாம். அடி பலமா என்று வரிசையில் யாரோ கேட்டார்கள். அவர், ருக்குமணி இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவள் அவிழ்க்கும்வரை காத்திருந்து, அதைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். கொழுந்து பறிப்பவளின் ஈரச் சாக்கைப் பெரிய கிராணி கையில் வாங்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்களுக்குப் புரிந்துவிட்டது. ருக்குமணிக்கும் புரிந்தது.

அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்தக் குடையில குதிச்சான்? பெருசா, சின்னதா?"

பாவம், நிலை தடுமாறிப் பேசுகிறாள் என்று செல்லையா நினைத்துக்கொண்டார். ராமையா லோரியோடு நிற்கிறான், போம்மா என்றார்.

நாகரத்தினம் அவளுக்கு ஒரே தம்பி. கல்யாணமாகிப் போன வேகத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அவள் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பியபோது அவன் பட்டாளத்தில் இருந்தான். அங்கேதான் விமானத்திலிருந்து குதிக்கக் கற்றான். பட்டாளத்துப் பாராசூட்டுக் குடை வட்டமானது. குண்டனானாலும் ஒல்லியானாலும் எல்லாருக்கும் ஒரே அளவு. விரிந்தால் இறங்கும், தரையில் போட்டு உருட்டும், அவ்வளவுதான். அம்மா படுக்கையில் விழுந்ததும் அவன் பட்டாளத்தை விட்டு வந்தான். வந்தவனின் கணக்குச் சுத்தத்தைப் பார்த்துத் துரை அவனை நிறுவைக் கிராணியாக வைத்துக்கொண்டார். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அக்காளும் தம்பியும் மட்டும்தான்.

நிறுவைக் கிராணி என்றால் கழிவுக் கிராணி என்று பெண்கள் சொல்வார்கள். கொழுந்தைக் கூடையோடுதான் நிறுப்பது. முள் காட்டுவதில் கூடைக்கு இவ்வளவு என்று கழிக்க வேண்டும். மழை நாளில் ஈரத்துக்கும் கழிக்க வேண்டும். மலையில் மழை இல்லாத நாள் எது? கழிவு போக மிச்சம் நிற்பதுதான் பறித்தவளுக்கு எடை. நாகரத்தினம் சத்தமாகச் சொல்வான்: "நாற்பத்தி ரெண்டு, கழிவு போக முப்பத்தி அஞ்சு." அவன் ஒரு ராத்தல் கூட்டியும் கழித்ததில்லை, குறைத்தும் கழித்ததில்லை. சொந்த அக்காளுக்கும் அதே கணக்குதான்.

அந்தப் பழக்கம் கொட்டகையோடு நிற்கவில்லை. பக்கத்து ஊர் தானா ராத்தாவில் மீன் வாங்கினால், சுற்றிய தாளுக்குக் கழித்தாயா என்று கடைக்காரச் சீனனிடம் கேட்பான். லயத்தில் குழந்தை பிறந்தால் கொட்டகைக்குத்தான் தூக்கி வருவார்கள். துணியில் முடிந்து கொக்கியில் மாட்டி நிறுத்துவிட்டு, அதே மாதிரித் துணியைத் தனியாக நிறுத்துக் கழித்து, பெற்றவளிடம் எடையைச் சொல்வான். கழிக்காமல் ஓர் எண் அவன் வாயிலிருந்து வந்ததே கிடையாது.

குதிக்கும் ஆசை விட்டுப்போயிருந்தது. ஜலால் வந்துதான் அதைத் திரும்ப மூட்டினார். தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மீரானின் மூத்த மகன் அவர். பட்டாளத்தில் நாகரத்தினத்துக்கு மேலாளாக இருந்தவர். ஓய்வு பெற்றபின் ஈப்போவில் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் குதிக்கச் சொல்லிக்கொடுத்துவந்தார். ஒருநாள் அப்பா கடையில் நாகரத்தினத்தைப் பார்த்ததும், வாயேன் என்றார். அடுத்த ஞாயிறு அவன் மலையிலிருந்து காய்கறி இறக்கும் லோரியில் தொற்றிக்கொண்டு போனான். அதன்பின் அநேகமாக எல்லா ஞாயிறும் போனான்.

கோலா தெர்லாவில் அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் தகப்பன் கருப்பையா, மாப்பிள்ளை தரையில் இருக்கும் நாளாகப் பார்த்துச் சொல்லி அனுப்புங்கள், வந்து பேசுகிறேன் என்று ஆளிடம் சொல்லிவிட்டார். நாகரத்தினம் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். ருக்குமணி சிரிக்கவில்லை. சாமி மாடத்துக்கு முன்னால் அவள் வேண்டிக்கொள்வதெல்லாம் அந்த ஒன்றுதான்: அவன் தரையில் இருக்க வேண்டும், முழுசாக இருக்க வேண்டும்.

ஈப்போவில் இருந்தவை புது மாதிரிச் சதுரக் குடைகள். வெறுமனே இறங்காமல் முன்னோக்கிப் பறக்கும். இரண்டு கைப்பிடிகளை இழுத்துத் திருப்பலாம். நாகரத்தினத்துக்கு வட்டக் குடையில் நல்ல பழக்கம். சதுரக் குடையில் அவன் புதியவன். அங்கே இரண்டு இருந்தன. ஒன்று நீலம். பெரியது, பழையது, ஒட்டுப் போட்டது, நூற்றுக்கிழவி மாதிரி அசைந்து அசைந்து வரும். மற்றது சிவப்பு. சிறியது. சொடுக்கினால் திரும்பும்.

ஜலால் அவனிடம் சொன்னதை அவன் அக்காளிடம் அப்படியே ஒப்பித்திருக்கிறான். பெரிய குடையில் தப்புப் பண்ணினால் கால் போகும், ஆள் மிஞ்சுவான். சின்னக் குடையில் தரைக்குப் பக்கத்தில் தப்புப் பண்ணினால் அது மூக்கைக் குத்திக்கொண்டு பாயும், திருத்த நேரமிருக்காது. அதனால் புதியவனுக்கு ஒரே விதி: எடை எத்தனை ராத்தலோ, குடை அத்தனை சதுர அடிக்குக் குறையக்கூடாது. சிவப்புக் குடை நூற்றெண்பது சதுர அடி. எல்லாவற்றோடும் நிறுத்துப் பார், எடை நூற்றெண்பதைத் தாண்டினால் அதைத் தொடாதே என்று சொல்லி, மடித்துப் பழக ஒரு பழைய குடைப்பையை அவனோடு அனுப்பியிருந்தார்.

"எது பெருசோ அதை எடுத்துக்கோடா," என்றாள் ருக்குமணி.

"பெருசுன்னா காத்து தூக்கிட்டுப் போயி கியா பார்ம் கோசுத் தோட்டத்துல போட்டுடும்க்கா. நீதான் கூடையில அள்ளிட்டு வரணும்."

"வெளையாடாதடா. எடுத்துக்கோ."

"ஆசைக்கு எடுக்கலக்கா. நிறுத்துப் பாத்துட்டுத்தான் எடுப்பேன். எடை தாண்டினா நீலம்தான். சத்தியமா."

அவன் சொன்ன சொல் மாறாதவன். அதனால் அவள் அந்தத் தராசை நம்பினாள்.

தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலை, கடைசி நிறுவை முடிந்ததும் அவன் பூட்ஸ் போட்டு, தலைக்கவசம் மாட்டி, குடைப்பையை முதுகில் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். வீட்டுக்குக் கிளம்பியிருந்த பெண்களெல்லாம் திரும்பி வந்து கூடிவிட்டார்கள். வார்ப்பட்டையைக் கொக்கியில் மாட்டி அவன் காலைத் தூக்கியதும் தராசு முனகியது. கொழுந்துக்காரிகளில் வாய் நீளமான சரோஜா முன்னால் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"கிராணியாரே, கொழுந்து முத்தலா இருக்குலா. துரை எடுக்க மாட்டாரு."

கொட்டகையே சிரித்தது. ருக்குமணிதான் முள்ளைப் பார்த்துச் சொன்னாள். இருநூற்றி எட்டு.

"கழிவு போடுங்க கிராணியாரே," என்றாள் சரோஜா. "எங்களுக்கு மட்டுந்தானா கழிவு? உங்க முதுகுல தொங்குற கூடைக்கு எவ்வளவு?"

நாகரத்தினம் இறங்கி, பையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான். அதோடு பூட்ஸையும் தலைக்கவசத்தையும் சேர்த்துத் தொங்கவிட்டான். அவன் கேலிக்குச் செய்யவில்லை. சரோஜா கேட்டிராவிட்டாலும் செய்திருப்பான். முள்ளைப் பார்த்துக் கழித்தான். உடுப்பு நனைந்திருந்ததால் ஈரத்துக்கும் கழித்தான். பிறகு தினமும் சொல்கிற அதே குரலில் சொன்னான்:

"இருநூத்தி எட்டு, கழிவு போக நூத்தி எழுபத்தி நாலு."

நியாயமான கிராணி, தனக்கும் கழித்துக்கொண்டார் என்று பெண்கள் கை தட்டினார்கள். ருக்குமணியும் தட்டினாள். நூற்றெண்பதைத் தாண்டவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

போன் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் சரோஜா மறுபடியும் வம்புக்கு வந்தாள். இப்போதைய கூடைகள் மெல்லிய பிரம்பில் முடைந்தவை, பழைய கனத்த கூடைக்குப் போட்ட கழிவை இன்னும் எங்கள் தலையில் கட்டுகிறீர்களே, இதென்ன இரும்புக் கூடையா என்று கேட்டாள். நாகரத்தினம் யோசித்தான். ஈரக் கூடையை நிறுத்தால் கணக்குச் சரிவராது என்றான். அவள் கூடையையே வாங்கிக் கழுவி, கொட்டகைக்குள் ஆணியில் மாட்டினான். நன்றாகக் காயட்டும், திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் நிறுத்துக் கழிவைத் திருத்தத் துரையிடம் பேசுகிறேன் என்றான்.

விடிந்ததும், அன்றைய நிறுவையைத் தன்னிடம் பழகும் பையனிடம் விட்டுவிட்டு, காய்கறி லோரியில் கிளம்பிப்போனான்.

ருக்குமணியை ஏற்றிக்கொண்டு ராமையா தாப்பா மலைப்பாதை வழியாக லோரியை இறக்கினார். கீழே போகப் போக வெக்கை ஏறியது. மலையில் போட்டிருந்த கம்பளிச் சட்டையை அவள் கழற்றவில்லை. ஈப்போ ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜலால் சுவரில் சாய்ந்து குந்தியிருந்தார். அவருடைய பூட்ஸில் புல் ஒட்டியிருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

காட்டினார்கள். பார்த்தாள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

வெளியே வந்து உட்கார்ந்த பிறகு ஜலால் நடந்ததைச் சொன்னார். குடை நன்றாகத்தான் விரிந்தது என்றார். இறங்கும்போது காற்றுத் திரும்பிவிட்டது. நேர் எதிரே வேலி. அவன் பயந்து ஒரு பக்கக் கைப்பிடியை முழுசாக இழுத்துவிட்டான். புதியவன் எவனும் செய்கிற தப்புதான். நீலக் குடையாக இருந்தால் காலை முறித்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு கிடந்திருப்பான். சிவப்பு அவனைத் தரையில் அடித்துவிட்டது.

"எடையைக் கேட்டேன் தங்கச்சி. நூத்தி எழுபத்தி நாலுன்னான். எல்லாத்தோடயும் நிறுத்தியான்னு கேட்டேன். எல்லாத்தோடயும் நிறுத்தேன் அண்ணேன்னான். பாத்தா கனமாத்தான் தெரிஞ்சான். ஆனா நிறுக்கிறதே தொழிலா உள்ளவன். அவன்கிட்ட நான் என்னன்னு சந்தேகப்படுறது?"

"எல்லாத்தோடயும்தான் பாய் நிறுத்தான். நான்தான் முள்ளப் பாத்தேன். இருநூத்தி எட்டு. கழிவு போகத்தான் அது."

"என்ன கழிவு?"

அவள் சொன்னாள். பை, பூட்ஸ், தலைக்கவசம், ஈரம்.

ஜலால் மிகவும் மெதுவாகச் சொன்னார்.

"குடைக்குக் கழிவு கெடயாது தங்கச்சி. அதுல தொங்குறது எல்லாமே எடைதான்."

ருக்குமணி படித்தவள் இல்லை. ஆனால் எடை தெரிந்தவள். கூடையின் பாரம் தோளுக்குத் தெரியும். ஏட்டில் என்ன கழித்து எழுதினாலும் சரிவில் ஏறுகையில் தோள் சுமப்பது முழுப் பாரத்தைத்தான். இத்தனை வருஷம் சுமந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். கொக்கியில் தம்பி தொங்கிய மாலை அது அவள் நினைவுக்கு வரவில்லை. அவளோடு கை தட்டிய அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்திக்கும் வரவில்லை.

யார்மேலாவது கோபப்பட முடிந்திருந்தால் அவளுக்கு அது ஒரு பிடிமானமாக இருந்திருக்கும். ஜலால் சரியாகத்தான் சொன்னார். தம்பி சொன்ன சொல் தவறாமல் நிறுத்துப் பார்த்துத்தான் எடுத்தான். தராசும் பொய் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் எரித்துவிட்டு வந்த அன்று சரோஜா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நான்தானக்கா கழிவு போடச் சொன்னேன்."

"நீ சொல்லாட்டியும் போட்டிருப்பான்," என்றாள் ருக்குமணி. ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அதுதான் உண்மை. சரோஜா நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் கொட்டகையில் அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

கருமாதி முடிந்ததும் ருக்குமணி மறுபடி கொழுந்து பறிக்க மலைக்கு ஏறினாள். ஏறாமல் என்ன செய்வது? பறித்தாள், சுமந்தாள், வரிசையில் நின்றாள். சிவசாமி என்ற இளவட்டத்தை நிறுவைக் கிராணியாகப் போட்டிருந்தார்கள். நல்ல பையன். நாகரத்தினத்திடம் பழகியவன், அவனைப் போலவே சத்தமாகச் சொன்னான். நாளுக்கு மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவைக்கும் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்த வார்த்தை வரும். கழிவு போக. கழிவு போக. கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று ராமையாவின் பெண்சாதி சொன்னாள். பழகவில்லை. காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது. இரண்டு கையும் கூடையில் இருக்கும்.

வீட்டில் அவனுக்கென்று வைத்திருந்த தட்டை அவள் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. சாமி மாடத்தில் விளக்கு ஏற்றினாள், ஆனால் முன்னால் நின்று எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்க எதுவும் மிச்சமில்லை. ஜலால் குதிப்பதையே விட்டுவிட்டார் என்று மீரான் கடைக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

கூடைக் கழிவு பழைய கணக்கிலேயே நடந்தது. துரையிடம் பேச ஆளில்லை. சரோஜா வேறு கூடை வாங்கிக்கொண்டாள். நாகரத்தினம் கழுவி மாட்டிய அவள் கூடை கொட்டகைக்குள் அதே ஆணியில் இருக்கிறது. அது காய்ந்து வெகுநாளாகிவிட்டது. இன்னும் யாரும் அதை நிறுக்கவில்லை.