விக்கிக்கொண்டே வந்த மோட்டார்

தொண்ணூறுகளின் நடுவில், தாமிரபரணி கடலில் சேருகிற புன்னக்காயலில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எங்களுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. அதில் மோட்டார் கிடையாது, பாயும் துடுப்பும்தான்.

ஊரில் ஒவ்வொருவராக மோட்டார் மாட்டிக்கொண்டிருந்த காலம். அவர்கள் மதியத்துக்குள் மீனோடு கரைக்கு வந்துவிடுவார்கள். ஏலம் முடிந்ததும் ஐஸ் லாரி தூத்துக்குடிக்குப் புறப்பட்டுவிடும். என் வீட்டுக்காரர் காற்றோடு மல்லுக்கட்டி வந்து சேரும்போது துறையில் நாய்கள்தான் நிற்கும். பாதி நாள் எங்கள் மீன் கருவாட்டுக்குத்தான் போயிற்று. வந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இப்படியே போனால் வள்ளத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசினால் சண்டை வரும் என்பதால் பேசாமலே இருந்தோம்.

புது மோட்டாரெல்லாம் எங்களுக்குக் கனவு. பழையது ஏதாவது வந்தால் பார்க்கலாம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தோம். அப்போதுதான் எங்கள் தெருக்கோடியில் இருந்த ஓர் அக்கா, தன் வீட்டில் கிடக்கும் மோட்டாரை விலைக்குக் கொடுக்கப்போவதாக எனக்குச் சொல்லியனுப்பினார்.

அந்த மோட்டாரை ஊரில் தெரியாதவர் கிடையாது. மற்ற மோட்டார்கள் ஒரே சீராக உறுமும். இது மட்டும் நடுநடுவே ஒரு விக்கல் விட்டு ஓடும். அக்காவின் கணவர் ஆற்று முகத்துக்குள் நுழையும்போதே தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். "நீ இங்கன இருந்து நினைக்கே, அவரு அங்கன விக்குதாரு" என்று நாங்கள் அக்காவைக் கேலி செய்வோம். "போங்கட்டி, வேலையத்தவளுவ" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய் அடுப்பைப் பற்றவைப்பார். சத்தம் கேட்டு உலை வைத்தால், அவர் வலையை உதறிவிட்டு வீடு வருவதற்குள் சோறு வெந்துவிடும். அந்த வீட்டில் கடிகாரமே அதுதான்.

குழந்தை இல்லாத வீடு. இருவரும் ஒருவருக்கொருவர் பிள்ளையாக இருந்தார்கள்.

அதற்கு முந்தின வருஷம் ஒரு நாள் அக்காவின் கணவருக்குக் கடலிலேயே நெஞ்சுவலி வந்து உயிர் போய்விட்டது. கூடப் போனவர்கள் அவரை வள்ளத்தில் கிடத்தி, அதே மோட்டாரை ஓட்டிக்கொண்டுதான் கரைக்கு வந்தார்கள். வழக்கம்போல விக்கல் கேட்டது. வழக்கம்போல அக்கா உலை வைத்தார். உலை கொதிக்கும்போதுதான் ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் வந்தார்கள். அன்றைக்கு அக்கா அழுத அழுகையை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

அதனால் அந்த மோட்டாரைத் தொட உள்ளூரில் பலர் பயந்தார்கள். பிணம் ஏற்றி வந்தது, ராசியில்லாதது என்றார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. எந்த வள்ளத்தில்தான் சாவு வரவில்லை? என் தோட்டை அடகு வைத்தால் எட்டிப்பிடிக்கிற விலைதான் அக்கா சொல்லியிருந்தார். மாதாவே வழிகாட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் போனோம். அக்கா மோட்டாரைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். உப்பு பூத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு சாக்கை விலக்கினால், எண்ணெய் தடவித் துடைத்து அவ்வளவு சுத்தமாக இருந்தது. என் வீட்டுக்காரர் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி முன்னும் பின்னும் சுற்றிச் சுற்றி வந்தார். விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தார். பிளக்கைக் கழற்றி மோந்தார். குறை கண்டுபிடித்தால் விலை குறைக்கலாம் என்ற ஆசைதான்; குறையே அகப்படவில்லை. ஓட்டிப் பார்ப்பதற்காக ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் பலகை கட்டி, மோட்டாரை அதில் மாட்டினார். கயிற்றைச் சுண்டி இழுத்தார். கொஞ்சம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

அதே சத்தம். நடுநடுவே அதே விக்கல்.

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, செத்தவரே வந்துவிட்ட மாதிரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் வீட்டுக்காரர் மட்டும் உலகத்தையே மறந்து, பக்கத்துத் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அக்காவைக் காணோம். தேடிக்கொண்டு அடுக்களைக்குள் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் உலைப்பானை. அக்கா பானையைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நான் சத்தம் காட்டாமல் பைய வெளியே வந்துவிட்டேன்.

மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். கிணற்றடிக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்ததைச் சொன்னேன். "நாம வாங்குனா இந்தச் சத்தம் தினம் வரும். தினம் உலை வைப்பாவ. தினம் யாரும் வர மாட்டாவ" என்றேன்.

அவர் மோட்டார் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "தினம் தினம் அவியளக் கொல்லுததுக்கா நாம மோட்டார் வாங்கணும்? வேண்டாம்ளா. வெளியூருக்காரன் எவனாவது கொண்டுட்டுப் போட்டும்" என்றார். வேண்டாம் என்று சொல்ல அவர் என்ன பாடுபட்டார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் காரணத்தை எப்படிச் சொல்வது? உங்கள் அழுகையைப் பார்த்தோம், அதனால் வேண்டாம் என்றா சொல்ல முடியும்? அக்கா முகத்தைக் கழுவிவிட்டு வந்து நின்றபோது, மனம் நோகக் கூடாதே என்று என் வீட்டுக்காரர் வாயில் வந்ததைச் சொன்னார்.

"மோட்டாருக்கு வயசாயிட்டு மைனி. சத்தம் சரியில்ல. ரொம்ப விக்குது."

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார். "விக்குதது ஒரு குறையா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டோம். கொஞ்ச நாளில் யாரோ ஒரு வியாபாரி வேனில் வந்து மோட்டாரை ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று, அக்கா இனியாவது நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தோம். ஆனால் அதற்குப் பிறகு அக்கா வீட்டை விட்டு வெளியே வருவதே குறைந்துவிட்டது. அந்த வருஷமே வீட்டைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டார். எங்களிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

நாங்களும் அதிக காலம் தாக்குப்பிடிக்கவில்லை. வேறு மோட்டார் அமையவே இல்லை. அவர் தோள் ஒத்துழைக்க மறுத்தது. வள்ளத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் திருநெல்வேலிக்கு வந்துவிட்டோம். வண்ணார்பேட்டையில் ஓர் இரும்புக் கடையில் அவருக்கு வேலை கிடைத்தது. கடலில் நிமிர்ந்து நின்ற மனுஷன் கம்பிக்கட்டுகளுக்கு நடுவில் குனிந்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. ஆனாலும் ஒருத்தியின் துக்கத்தைக் கூட்டாமல் வந்தோம் என்று ஒரு ஆறுதல் இருந்தது. அதையும் வைத்திருக்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஒரு மழை நாளில் வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் குடையில்லாமல் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றவரைப் பார்த்தால், அந்த அக்கா. பாதியாக இளைத்திருந்தார். பாளையங்கோட்டையில் ஒரு விடுதியில் சமையல் வேலை என்றார். பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் நான் மனதில் கிடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அந்த மோட்டார்ல ஒரு குறையும் கிடையாது. நீங்க உலை வச்சுட்டு அழுததைப் பாத்துட்டேன். தினம் அந்தச் சத்தம் ஒங்களப் போட்டு வதைக்குமேன்னுதான் வேண்டாம்னுட்டோம்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அட பாவியளா" என்றார். கோபமாக அல்ல, களைத்துப்போன குரலில். "அவரு போன பொறவு எனக்கு அடுப்பப் பத்தவைக்கவே தோணல ஏட்டி. யாராவது குடுத்தா திம்பேன், இல்லன்னா கிடப்பேன். அன்னைக்கு அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கே தெரியாம எந்திரிச்சுப் போயி உலை வச்சிருக்கேன். நீங்க போன பொறவு வடிச்சு, வயிறாரத் தின்னேன். ஒங்க வள்ளம் நம்ம தெருவுக்கு நேராத்தான கட்டிக் கிடக்கும். வெளியூர்க்காரன் கூடுதலாத்தான் கேட்டான். நீங்க வாங்குனா தினம் காதுல விழுமேன்னு ஒங்களுக்குச் சொல்லியனுப்பினேன்."

"இத அன்னைக்கே சொல்லப்படாதா அக்கா?"

"எப்படிச் சொல்ல? புருசன் செத்தவ மோட்டார் சத்தம் கேக்கணும்னு சொன்னா ஊரு சிரிக்காதா? நீங்களே சத்தம் சரியில்லன்னுட்டிய. பொறவு அத வச்சு நான் என்ன செய்ய?"

அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் முண்டியடித்து ஏறினார். ஜன்னல் பக்கம் வந்து கையாட்டுவார் என்று பார்த்தேன். உட்கார இடம் கிடைக்கவில்லை போலும். எந்த விடுதி என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், தொப்பலாக நனைந்துதான் திரும்பி வந்தார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரண்டு வீட்டிலும் யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. எல்லாரும் அடுத்தவரை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டோம். அதில்தான் மூன்று பேருமே ஊரை இழந்தோம். இப்போதெல்லாம் துக்க வீட்டுக்குப் போனால், அவர்களுக்கு எது வலிக்கும் என்று நானாக முடிவு செய்வதில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுகிறேன். இங்கிதம் தெரியாதவள் என்று எனக்குப் பேர் வந்துவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும்.