காருக்குக் கீழே போகிறவனுக்கு ஒரு காது

ரெஜினா அக்கா போய்விட்ட செய்தியை முதலில் சொன்னது ஒரு எவர்சில்வர் டம்ளர். விடிந்தும் விடியாமலும் பால் பாக்கெட் எடுக்க இறங்கிய என் மனைவி செல்விக்கு, பார்க்கிங்கை ஒட்டிய ஜன்னலிலிருந்து கம்பியைத் தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. விட்டு விட்டு இல்லை, விடாமல். எட்டிப் பார்த்தால் அக்காவின் புருஷன் தனிஸ்லாஸ் அண்ணன் கட்டிலில் படுத்தபடி, அவருக்கு அசைகிற ஒரே கையால் டம்ளரைப் பிடித்து ஜன்னல் கம்பியில் அடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் அக்கா, முகம் சுவர்ப் பக்கம் திரும்பியபடி. அண்ணன் பக்கவாதத்தில் பேச்சு போன மனிதர். எவ்வளவு நேரமாகத் தட்டினாரோ தெரியாது. நான் லோடு இறக்க மண்ணூர்பேட்டையில் இருக்கிற என் பைப் கடைக்குப் போயிருந்தேன். செல்வி போனில், "அக்கா எழுந்திரிக்கல, வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

சர்ச்சில் அக்காவைப் பற்றி நல்லபடியாகப் பேசினார்கள். நம் அடுக்குமாடிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். ஆனால் அந்த டம்ளர் அங்கே எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அது தெரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவை அறிந்தவர்களிடம் நான் பூசி மெழுகத் தேவையில்லை. கிறிஸ்துமஸுக்கு அவர் கையால் கேக் வாங்காத வீடு நம் பிளாக்கில் கிடையாது, அவர் வாயால் திட்டு வாங்காத வீடும் கிடையாது. தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டுத் தூங்கினால் திட்டு, கேட்டைப் பூட்டாமல் போனால் திட்டு. தொழிற்பேட்டையில், மெஷினில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். புருஷன் விழுந்த பிறகு வேலையை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிற அந்த ஒற்றை வீட்டுக்குக் குடிவந்தார். பார்க்கிங்கைப் பார்த்த ஜன்னல். எந்நேரமும் அதில் அவர் முகம் தெரியும். நாங்கள் அவருக்குக் கேமரா என்று பேர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும். "கேமராவுக்கு மாசாமாசம் மெயின்டனன்ஸ் யார்ரா குடுக்கறது?" என்று கேட்பார்.

எனக்கும் அவருக்கும் சண்டை மூண்டது என் காரால். மூன்று சக்கர வண்டியில் பைப் ஏற்றி மிதித்து மேலே வந்தவன் நான். ஒரு பெரிய வெளிநாட்டுக் கார் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய ஆசை. புதுசு வாங்க வக்கில்லை என்பதால், வைத்திருந்தவர் தாங்க முடியாமல் விற்ற பழசை வாங்கினேன். வெளியே பார்த்தால் மந்திரி வண்டி, உள்ளே பார்த்தால் தினம் ஒரு வியாதி. அதற்கு ஸ்பிரிங் கிடையாது, காற்றுப் பைகள்தான். நிறுத்தி வைத்தால் பெருமூச்சு விட்டு ஒரு பக்கம் தாழும், கிளப்பினால் எழுந்து நிற்கும். கம்பெனி சர்வீஸில் விட்டுக் கட்டுப்படியாகாது. அதனால் சின்ன வேலைகளை நானே பார்க்கிங்கில் பார்ப்பேன்.

ஒருநாள் ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே ஒரு ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுக் காருக்கு அடியில் படுக்கப் போனேன். அக்கா வீட்டை விட்டு வெளியே வந்ததை அன்றுதான் நெருக்கத்தில் பார்த்தேன். கையில் கரண்டி. அந்தக் கல் ஓட்டை விழுந்த கல், வெயிட் ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும், எடு என்றார். நான் கடைக்காரன், கல்லைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று எதிர்த்துப் பேசினேன். அக்கா குரலை ஏற்றவில்லை.

"முருகேசு, நான் ஸ்டோர்ஸ்ல கிளவுஸ் குடுத்தவ. ஒருத்தன் வந்து, எனக்கு ஒத்த கிளவுஸ் போதும் மேடம்னு கேட்டத பார்த்தவ. எடு."

எடுத்தேன். ஆனாலும் அவர் விடவில்லை. அந்த மாதக் கூட்டத்தில் எழுந்து, இந்த பார்க்கிங்கில் யார் வண்டியைத் தூக்கினாலும் கழற்றின சக்கரத்தை ஓரமாகச் சாய்க்கக் கூடாது, வண்டிக்கு அடியில் படுக்க வைக்க வேண்டும் என்று விதி போட்டார். "அது இன்னாத்துக்கு வேல இல்லாம நிக்கணும்? ஜாக்கி கைய விட்டா அது தாங்கிக்கும்" என்றார். ஆள் அடியில் போவதற்கு முன் வண்டியை இடுப்பால் இடித்துப் பார்க்க வேண்டும் என்றார். "ஏமாத்தறதா இருந்தா நாம வெளிய நிக்கும்போதே ஏமாத்தட்டும்." கடைசியாக ஒன்று சொன்னார். "கீழ போறவனுக்கு மேல ஒரு காது வேணும்." யாருக்கும் சொல்லாமல் எவனும் காருக்கு அடியில் போகக் கூடாது என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பொம்பளை ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு மெக்கானிக் வேலை பார்க்கிறாள் என்று நானும் சிரித்தேன். ஆனால் அவர் ஜன்னலுக்கு எதிரேதான் என் கார் நிற்கும் இடம். அவர் வாய்க்குப் பயந்தே சக்கரத்தை அடியில் போட ஆரம்பித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் போட்டிருந்தேன். மழையில் மேனாம்பேடு ரோட்டுப் பள்ளத்தில் இறங்கி ஏறியதில், இன்ஜினுக்கு அடியில் இருக்கிற பிளாஸ்டிக் தட்டு கழன்று தரையில் உரசிக்கொண்டிருந்தது. முன் சக்கரத்தைக் கழற்றி அடியில் படுக்க வைத்தேன், இடுப்பால் இடித்துப் பார்த்தேன், ஸ்பேனரோடு உள்ளே போனேன். செல்விக்கு நான் அடியில் இருப்பது தெரியாது. வெள்ளிக்கிழமை என்றால் அவள் காரில் இருக்கிற பிள்ளையாருக்கு முழம் பூ வைப்பாள். இன்னொரு சாவி சாமி அலமாரியில்தான் இருக்கும். பூவோடு வண்டியின் மறுபக்கமாக வந்து, சாவியை அழுத்தி, கதவைத் திறந்திருக்கிறாள்.

இந்த மாதிரிக் கார்களின் குணம் இதுதான். கதவு திறந்தால் ஆள் ஏறப் போகிறார் என்று நினைத்து வண்டி முழித்துக்கொள்ளும். ஒரு பக்கம் உயரமாக இருப்பதைப் பார்த்து, சமன் செய்கிறேன் என்று மற்றப் பைகளிலிருந்து காற்றை விடும். என் தலைக்கு மேலே புஸ்ஸென்று சத்தம் வந்தது. எதிர்ப்பக்கம் தாழ்ந்தது, வண்டி சாய்ந்தது, வழுவழு டைல்ஸ் தரையில் ஜாக்கி உருண்டு விலகியது. அடுத்து நான் அறிந்தது இருட்டு.

வண்டியின் ஓரம் அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. சக்கரம் இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை. ஆனால் நெஞ்சின் மேல் இன்ஜின் தட்டு அழுத்தியது. மூச்சை விட முடிந்தது, முழுசாக இழுக்க முடியவில்லை. கத்த வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஒரு கை உள்ளே மாட்டியிருந்தது. வெளியே இருந்த கையில் ஸ்பேனர் இருந்தது. செல்வி ஜாக்கி நழுவிய சத்தத்தைக் கேட்டு, கார்தான் கெட்டுவிட்டது என்று என்னைத் தேடி மாடிக்கு ஓடிவிட்டாள். அவள் செருப்பு போகிறதைத் தரையோடு தரையாகப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கூப்பிட முடியவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை.

ஸ்பேனரால் தரையைத் தட்டினேன்.

மாடியில் மிக்ஸி ஓடுகிற நேரம், தெருவில் தண்ணீர் லாரி நிற்கிற நேரம். யாருக்கும் கேட்டிருக்காது. ஜன்னலில் இருந்தவருக்குக் கேட்டது. அவர் வந்து, அந்தக் கனத்த உடம்போடு தரையில் முழங்கை ஊன்றிக் குனிந்து பார்த்தார்.

"இன்னா முருகேசு. செத்துகினு கீறியா, படுத்துகினு கீறியா?"

எனக்கு அழுகை வந்தது. அதற்கும் மூச்சு பத்தவில்லை. "பேசாத. ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு தட்டு" என்றார். மூச்சு வருதா என்றார். ஒரு தட்டு. கால் அசையுதா? ஒரு தட்டு. ரத்தம்? ரெண்டு தட்டு. சாவி கிட்ட இருந்தால் வண்டி மறுபடி முழித்துக்கொள்ளும் என்று, திரும்பி வந்த செல்வியிடமிருந்து முதலில் அதைப் பிடுங்கி, தூரத் தெருவில் கொண்டுபோய் நிற்கச் சொல்லி வாட்ச்மேனிடம் கொடுத்தார். திறந்த கதவைச் சாத்தக்கூட யாரையும் விடவில்லை. அதற்குள் மாடியில் ஐடி வேலை பார்க்கிற பையன்கள் இறங்கிவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரே தம்மில் தூக்கிவிடலாம் ஆன்ட்டி என்றான் ஒருவன். இன்னொருவன் பம்பரில் கை வைத்துவிட்டான். வண்டி லேசாக ஆடியதை என் நெஞ்சு வாங்கிக்கொண்டது.

"தூக்குவ. தூக்கிட்டு எவ்ளோ நேரம் நிப்ப? கை நோவுதுன்னு விட்டா அவன் எங்க போவான்? கைய எடுடா."

எடுத்தான். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கச் சொன்னார். எதிர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கால் டாக்ஸிக்காரரை எழுப்பி ஜாக்கி கொண்டுவர ஆள் அனுப்பினார். அது வரும்வரை வேறு வழியில்லை. அக்கா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தெரிந்தது அவர் நைட்டியின் ஓரமும், ரப்பர் செருப்பும், தரையில் ஊன்றிய கையும்தான்.

என் பயம் குரலில்லாமலே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசிக்கொண்டே இருந்தார். பெரும்பாலும் திட்டு. நடுவில் இதைச் சொன்னார்.

"நீ இப்ப எங்கயும் ஓட முடியாது, அதான் உங்கிட்ட சொல்றேன். அந்த ஆளு என் கையால தவிர யார் ஊட்டினாலும் வாய தொறக்க மாட்டாரு. அயனம்பாக்கம் ஏரி எங்க கீது, தோ பக்கத்துல கீது. ஒருநாள் காலைல கரையோட நடந்துட்டு வரணும்னு ஆச. போனதில்ல. நானும் மாட்டிகினுதான் கீறேன் முருகேசு. எனக்கு யாரு ஜாக்கி போடறது?"

அதற்கு ஆமா, இல்லை என்று பதில் கிடையாது. ஆனாலும் ஒரு தட்டு தட்டினேன்.

டாக்ஸிக்காரர் வந்தார். ஜாக்கி ஏற ஏற, இடைவெளியில் மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போகச் சொன்னார் அக்கா. ஏறினது திரும்ப இறங்கக் கூடாது என்றார். தட்டு நெஞ்சை விட்டு விலகியதும் நான் இழுத்த மூச்சின் ருசி இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு விலா எலும்பில் விரிசல், வேறொன்றுமில்லை. பிளாக்கே கூடி என்னைத் தடவிப் பார்த்தது. அக்கா உள்ளே போய்விட்டார், அண்ணனுக்குக் கஞ்சி நேரம்.

நான் வியாபாரி. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்காமல் எனக்குத் தூக்கம் வராது. விலா சரியானதும் செல்வியோடு அவர் வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் அண்ணனோடு இருக்கிறோம், நீங்கள் ஏரிக்குப் போய் வாருங்கள் என்றேன். அக்கா சிரித்தார். அவருக்கு என்ன வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும், எனக்கே பாதி ஊகம்தான் என்றார். நான் மேஜையிலிருந்த டம்ளரை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தேன். "அண்ணே, ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு. அக்கா ஏரிக்குப் போகட்டுமா?" என்று கேட்டேன்.

அண்ணன் வெகுநேரம் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். ஜன்னல் கம்பியில் ஒரு தட்டு.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த ஆள் எனக்கு எதுக்கும் ஆமா போட்டதில்லை என்று அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் என் கடை தாமதமாகத் திறந்ததற்கு இதுதான் காரணம். முதலில் அண்ணன் என் கையால் வாய் திறக்கவில்லை. செல்வியின் இட்லிக்குத் திறந்தார். அக்கா வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து, ஏரியில் கண்ட கொக்கிலிருந்து கரையில் குப்பை கொட்டினவன் வரை எல்லாவற்றையும் அண்ணனிடம் ஒப்பிப்பார். அவர் நடந்ததெல்லாம் அந்தக் கொஞ்ச தூரம்தான். முழு விடுதலை ஒன்றும் நான் வாங்கிக் கொடுத்துவிடவில்லை. வாரத்தில் மிச்ச நாளெல்லாம் அதே ஜன்னல், அதே கட்டில். அது எனக்குத் தெரியும். கடைசிவரை அவர் என் காரில் ஏறவும் இல்லை. "அதுக்குள்ள உக்காந்தா அதுக்கு நெனப்பு வந்துடும்" என்பார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று யோசித்தால், பொருளாக ஒன்றும் இல்லை. காரைத் தூக்கும்போது இரண்டு சாவியும் என் சட்டைப் பையில் இருக்கும். ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு வாங்கிவிட்டேன், ஆனாலும் சக்கரத்தை அடியில் போடுவேன். இடுப்பால் இடிப்பேன். இதெல்லாம் பழக்கம். இவையெல்லாம் இருந்தும், அவர் போன பிறகு அடியில் படுக்க எனக்கு மனம் வரவில்லை. தூக்குவேன், ஜன்னலைப் பார்ப்பேன், சாத்தியிருக்கும். இறக்கி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன்.

போன வெள்ளிக்கிழமை ஜன்னல் திறந்திருந்தது. பெங்களூரிலிருந்து வந்து தங்கிவிட்ட அக்காவின் மகள், அப்பாவின் கட்டிலை அம்மா உட்கார்ந்து பார்க்கிற இடத்துக்கு, பார்க்கிங் தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டிருந்தாள். வண்டி தூக்கி நின்றது. கம்பிக்குப் பின்னால் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் கத்த முடியாது, ஓடிவர முடியாது. ஆனால் தட்ட முடியும். அவர் தட்டினால் மகள் வருவாள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது போதும்.

"அண்ணே, கீழ போறேன். கேட்டுகினு இருக்கீங்களா?" என்றேன்.

டம்ளரைத் தேடி எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நான் காத்திருந்தேன்.

ஒரு தட்டு.