வழுக்காத கார்

வேன் ஓட்டிய என் தம்பி விபத்தில் வலது காலை இழந்தான். கையால் பிரேக் பிடிக்கும்படி மாற்றிய ஓட்டோ ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுடைய காக்கா, அதாவது அண்ணன் நான்; அவன் மறுபடி ரோட்டில் இறங்க எனக்குப் பயம். அதனால் ஸ்டியரிங்கோடு புதிய கார் ரேஸ் கேம் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பெயர்போன கம்பனி செய்தது. அவர்களுடைய பழைய கேமில் அவனுக்கு உயிர்.

புதியது பெரிய ஏமாற்றம். மழையில்கூடக் கார் வழுக்கவில்லை. இன்டர்நெட் அறுந்தால் ஓட்டமும் அறுந்தது. மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னபோது கேமை இடையில் நிறுத்தி வைக்கப் பார்த்தான். அதற்கும் வழியில்லை.

"பேரெடுத்த கம்பனி இப்பிடியா செய்யிற?" என்று நான் கத்தினேன்.

"சம்மாந்துறை வயல் ட்ரக்டர்கூட இதவிட நல்லாத் திரும்பும் காக்கா" என்று சிரித்தான். பிறகு ஸ்டியரிங்கைத் தள்ளி வைத்தான். "ரோட்டுல ஆடு குறுக்க பாஞ்சா நெஞ்சு பதறும். இதுல செவுத்துல அடிச்சாலும் ஒண்டும் தெரியல்ல. என்ன வீட்டுக்குள்ள வெச்சிரிக்கத்தானே இத வாங்கினீங்க?"

"ஓம்" என்றேன். பொய் சொல்ல நா எழவில்லை.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு ஓட்டோ மாற்றிக் கொடுக்கும் கராஜுக்கு அவனைக் கூட்டிப்போனேன். வழி நெடுக நான் அந்தக் கம்பனியைத் திட்டினேன். அவனோ கை பிரேக்கை எங்கே பொருத்துவது என்றே கதைத்துக்கொண்டு வந்தான்.

கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அந்தக் கேம் நன்றாக அமைந்திருந்தால், என் தம்பியை அந்த அறையிலேயே நிம்மதியாக விட்டிருப்பேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.