வெறும் தட்டில் விழுந்த தங்கம்

2023 நவம்பர் 1, புதன். காலையில் வழக்கம்போல மேசையை ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, ஜன்னல்களைச் சாத்தினேன். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர் வேலை எனக்கு. அன்று கேரள மாநிலம் உருவான கேரளப்பிறவி நாள் என்பதால் கால்சட்டைக்குப் பதில் சரிகைக்கரை முண்டு கட்டியிருந்தேன். ‘பருத்தி உடை மட்டும்’ என்று கதவில் எழுதி ஒட்டியவனும் நான்தான்.

பொழியூர்க்காரியான ஆய்வு மாணவி, ஆறு கடலில் சேருமிடத்தில் அள்ளிவந்த அழுகிய ஆகாயத்தாமரையிலிருந்து நுண்பிளாஸ்டிக்கைப் பிரிக்க வேண்டும். உப்புநீரில் போட்டால் பிளாஸ்டிக் மிதக்கும். செடித்துணுக்கும் கூடவே மிதந்து தொலைக்கும். ஆகவே முதலில் பெராக்சைடு ஊற்றிச் செடியைக் கரைப்போம். பக்கத்தில் சுத்தமான நீர் மட்டும் உள்ள ஒரு தட்டு திறந்திருக்கும். எங்கள் உடையிலிருந்து ஏதாவது உதிர்ந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் செய்ததெல்லாம் குப்பைதான்.

மழையில் ஆற்றுவாயை அடைத்திருந்த மணல்திட்டு உடைந்து செடியெல்லாம் கடலுக்குப் போயிருந்தது. மிஞ்சியது அவள் முன்பே அள்ளிய ஒரே பாட்டில். அதில் பாதியை அன்று எடுத்திருந்தோம். அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே அதுதான்.

மாலையில் நுண்ணோக்கியில் குனிந்தவள் துள்ளினாள்.

“அண்ணே, தங்கம் உண்டு! பொழியூருக்கு நல்ல காலமாக்கும்!”

“வெறும் தட்டைப் பாரு மக்கா.”

பார்த்தாள். அதிலும் அதே தங்க நிற இழை. முகம் விழுந்துவிட்டது.

சூடான ஊசியை அருகில் கொண்டுபோனேன். இழை சுருண்டது; பிளாஸ்டிக்தான். அவள் என் முண்டின் கரையில் ஒரு நூலை உருவி ஊசியைக் காட்டினாள். அதுவும் சுருண்டது.

“சுத்தப் பருத்தின்னு பாறசாலைக் கடைக்காரன் சொன்னானே!”

“கரையைப் பத்திக் கேட்டியளா?”

கேட்கவில்லை.

“மேலே கோட்டு போட்டிருக்கேனே.”

“கோட்டு முட்டோட நிக்கும். துறைத்தலைவர் சார் வரும்போதெல்லாம் மடிச்சுக் கெட்டுன முண்டை உதறி உதறி எறக்கினது யாராம்?”

“பெரிய ஆளு வந்தா எறக்காண்டாமா?”

“எறக்குங்க. தட்டுக்கு மேலயா எறக்கணும்?”

அப்போது பார்த்துத் துறைத்தலைவர் மறுபடி எட்டிப்பார்த்தார். “எந்தாயி, முடிஞ்சுதா?”

என் கை தானாக இடுப்புக்குப் போனது.

“அண்ணே!” என்று அவள் அலறினாள்.

அப்படியே நின்றேன். துறைத்தலைவர் அவளைப் பார்த்தார். திறந்து கிடந்த என் முழங்கால்களைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை பருத்திக் கால்சட்டையில் போய், முதல் வேலையாக ஆய்வகக் கதவை உள்ளே தாழிட்டேன். அதன் பிறகுதான் அவள் மீதிப் பாதி இருந்த பாட்டிலைத் திறந்தாள்.