பொரொலொக்கி ஸ்டோர்ஸ்

பெங்காலிக்காரர்கள் ஊரில், டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் ஸ்ரீநாத் தன் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறான். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, பார்த்த வேலையையும் விட்டாயிற்று. அப்பா மஹாதேவனுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது; பேச்சும் போனது. மிஞ்சியது ஒரே சொல்: "சரி". பசித்தாலும், வலித்தாலும், படுக்கை நனைந்தாலும் "சரி"தான். இப்படிப்பட்டவரின் வாயைக் கேட்கக் கூடாது, நல்ல கையைப் பார்க்க வேண்டும். இடது கை மெத்தையைப் படபடவென்று அடித்தால் ஏதோ தப்பு என்று பொருள். இதை ஸ்ரீநாத் தானே கண்டுபிடித்தான். வந்துபோகும் ஆயாக்களுக்கும் அவன்தான் சொல்வான்.

முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, புரட்டிப் படுக்கவைத்த பிறகு கிடைக்கும் நேரத்தில் கம்ப்யூட்டரில் உட்காருவான். பள்ளி நாளில் ஆடிய பழைய வீடியோ கேம் ஒன்று. செய்த கம்பெனியே அதைக் கைகழுவிவிட்டது. ஆடுகிறவர்கள் சேர்ந்து அதன் மங்கிப்போன சுவரையும் தண்ணீரையும் வானத்தையும் புதிதாக வரைந்து, ஒரே தொகுப்பாக்கி, இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதற்கு மாட் என்று பேர். விளையாட்டில் தமிழ்நாட்டுத் துறைமுக ஊர் ஒன்று வரும். அதன் கடைத்தெரு ஸ்ரீநாத்தின் பங்கு. பாலிகஞ்ச் பக்கம் காரை பெயர்ந்த சுவர்களைப் படமெடுத்து வந்து அந்தத் தெருவுக்கு ஒட்டினான். விளையாட்டில் மழை பெய்தால் அவன் சுவர் ஊறிக் கறுக்கும். பார்த்தவர்கள் மெச்சினார்கள்.

பெயர்ப்பலகைகள் மட்டும் வெறும் கிறுக்கலாக இருந்தன. அவற்றில் ஒன்றில் அப்பாவின் கடைப் பெயரை எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டான். லேக் மார்க்கெட்டில் அப்பளமும் காப்பிப்பொடியும் விற்ற கடை. அவர் விழுந்ததும் மூடியது. இன்று அங்கே செல்போன் விற்கிறார்கள். அவர் பேர் சொல்ல வேறொன்றும் இல்லை. அக்கா பூர்ணிமாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. டாலிகஞ்சிலிருந்து வரும்போதெல்லாம் அவள், "இந்த வயசுல என்னடா பொம்மை விளையாட்டு?" என்பாள். முடித்துக் காட்டி வாயை அடைக்கலாம் என்றிருந்தான்.

அவன் படித்தது பெங்காலியும் இங்கிலீஷும். தமிழ் எழுத்தைப் போனைப் பார்த்துத்தான் கற்றான். அம்மா அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டாள். வீட்டில் கடைக்குக் கடை என்றே பேர். தெருவில் எல்லாரும் சொன்னது பொரொலொக்கி. கைவசமிருந்த ஒரே புகைப்படத்தில் பலகையின் தமிழ் வரியை வாழைத்தார் மறைத்திருந்தது. பெங்காலி வரியைப் படித்தாலும் பொரொலொக்கிதான். எழுத்தெழுத்தாகக் கூட்டி, நல்ல சிவப்பில் தீட்டினான்: பொரொலொக்கி ஸ்டோர்ஸ்.

திரையைக் கட்டில் பக்கம் திருப்பினான். "பாருங்கோப்பா, நம்ம கடை. எப்படி இருக்கு?"

"சரி, சரி, சரி" என்றார் அப்பா. இடது கை மெத்தையை அடித்தது. சந்தோஷம் தாங்கவில்லை என்று அவன் எடுத்துக்கொண்டான். தொகுப்பு அன்றே வெளியே போனது.

தமிழ்நாட்டுப் பையன்கள் விடுவார்களா? பலகைக்குக் கீழே தங்கள் ஆட்டக்காரனை நிறுத்திப் படம் பிடித்துப் போட்டார்கள்.

"லொக்கு லொக்கு ஸ்டோர்ஸ். இருமல் மருந்து கிடைக்கும்."

"மச்சி, உள்ள டாக்டர் இருக்காரான்னு கேளு."

படம் கைமாறிக் கைமாறிப் பூர்ணிமாவுக்கும் வந்தது. போன் செய்தாள்.

"இது நீ எழுதினதா?"

"நம்ம கடைப் பேருக்கா."

"நம்ம கடை வரலக்ஷ்மி ஸ்டோர்ஸ்டா. பெங்காலிக்காராளுக்கு வ வராது, லக்ஷ்மியை லொக்கிம்பா. அவா பொரொலொக்கின்னா நீயும் அப்படியே எழுதுவியா?"

"பெங்காலில பொரொன்னா பெரிசுதானே. பெரிய லக்ஷ்மின்னு நினைச்சேன்."

"அம்மா இருந்திருந்தா வருஷா வருஷம் நோன்பு எடுத்திருப்பா, உனக்கும் தெரிஞ்சிருக்கும். போகட்டும், அப்பாதான் நன்னாத் தமிழ் படிப்பாரே. அவர்ட்ட காட்டலையா?"

"காட்டினேன்."

"என்ன சொன்னார்?"

"சரின்னார்."

அவள் சிரித்தேவிட்டாள். ஸ்ரீநாத்துக்கு அந்தக் கை நினைவுக்கு வந்தது. படுக்கை ஈரத்தைக்கூட அந்தக் கையைப் பார்த்தே தெரிந்துகொள்கிறவன், தன் வேலையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் வாயைக் கேட்டிருந்தான்.

தொகுப்பை நடத்துகிறவன் போலந்தில் இருக்கிறான். பலகையை மாற்றச் சொல்லி ஸ்ரீநாத் அவனுக்கு எழுதினான். "மொத்தத் தொகுப்பிலும் எல்லாருக்கும் பிடித்தது அதுதான். இருக்கட்டும்" என்று பதில் வந்தது. மறுபடி எழுதியதற்குப் பதிலே இல்லை. இறக்கிக்கொண்டவர்களிடமிருந்து பிடுங்கவா முடியும்?

தன் கம்ப்யூட்டரில் மட்டும் வரலக்ஷ்மி ஸ்டோர்ஸ் என்று திருத்தினான். கடை ஒழுங்காக இருப்பது அந்த ஓர் இடத்தில்தான். அதை அப்பாவுக்குக் காட்டவில்லை. காட்டினால் அவர் சரி என்பார். இந்தத் தடவை இவன் கையைப் பார்த்தாக வேண்டும். அது மறுபடி மெத்தையை அடித்தால்? புரட்டும் நேரம் வந்தபோது திரையை அணைத்துவிட்டு, அவரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தான்.