அடுப்பில் வாடிய கீரை

மேடையில் மதினி அந்த அரைக்கீரைக் கட்டை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நடுவர்கள் நான்கு பேர் முன்வரிசையில் இருந்தார்கள். எங்களுக்குக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் மூன்று போய்விட்டது. கட்டைத் தூக்கிக் காட்டுவது மட்டும்தான் அவள் வேலை என்று பேசி வைத்திருந்தோம். முகர்ந்து பார்ப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. கீரை விற்கிறவள் கையில் கீரையைக் கொடுத்தால் வேறு என்ன செய்வாள் என்பது அப்போது என் மரமண்டையில் உறைக்கவில்லை.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி; நான் அவளுக்கு நாத்தனார். கீழப்பாவூரில் எங்கள் நெல்வயலில் பாதியைக் கீரைப்பாத்தியாக மாற்றியவள் அவள்தான். விடியுமுன் அறுத்துக் கட்டுக் கட்டி, பஸ்ஸில் பாவூர்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோவாள். பத்து மணிக்குமேல் வெயில் ஏறினால் கீரை தலையைத் தொங்கப் போட்டுவிடும். ஈரச்சாக்கைப் போட்டு மூடினாலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். மிச்சமெல்லாம் மாட்டுக்கு. அந்த எரிச்சலில் அவளாகவே ஒரு பெட்டி செய்தாள். மரச்சட்டம், நாலு பக்கமும் நனைத்த தேங்காய் நார், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன விசிறி, அதற்கு ஒரு பேட்டரி. ஈரநாரைக் கடந்து உள்ளே வரும் காற்று குளிர்ந்துவிடும். சாயங்காலம் வரை கீரை அறுத்த மாதிரியே இருக்கும்.

நான் அப்போது சென்னை வேலையை விட்டுவிட்டு, சொந்தத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தேன். என்ன தொழில் என்று கேட்டால் எரிந்து விழுவேன். பெட்டியைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டேன். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு அரசு நடத்திய போட்டிக்கு இருவர் பெயரிலும் விண்ணப்பித்தேன். தேர்வானால் சில மாதப் பயிற்சியும், பெட்டிகள் செய்ய நிதியும் கிடைக்கும். இல்லாவிட்டால் நான் மறுபடி சென்னைக்கு ரயில் ஏறியாக வேண்டும் என்று அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அந்த வேலைக்குத் திரும்ப எனக்கு இஷ்டமே இல்லை.

சித்திரை மாதம் முழுக்க வீட்டில் ஒத்திகை பார்த்தோம். பெட்டிக்குள் ஒரு கட்டு, வெளியே ஒரு கட்டு. காலையில் வைத்து மதியம் இரண்டையும் தூக்கிக் காட்டினால் யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை, அப்படி ஒரு வித்தியாசம். ஐந்து நிமிடத்துக்குள் பேசி முடிக்க வேண்டும் என்று நான் கைப்பேசியில் நேரம் பார்த்தால் மதினி கிண்டல் செய்வாள். "சந்தையில அஞ்சு நிமிஷத்துல ஒரு லோடு தக்காளி ஏலம் போயிரும்லா. இதுக்குப்போய் இந்தப் பாடு படுத்துதியே."

இறுதிச் சுற்றைக் குற்றாலத்தில் வைத்தார்கள், அதுவும் ஆனி மாதக் கடைசியில். கடிதம் வந்த அன்று, போட்டி முடிந்ததும் அருவியில் குளித்துவிட்டு வரலாம் என்று சந்தோஷப்பட்டோம். சாரலை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து நனைந்த சாரல். அந்த ஈரக்காற்று ஈரநாருக்குள் புகுந்து என்னத்தைக் குளிரப் போகிறது? காலை எட்டு மணிக்குக் கல்யாண மண்டபத்து வராந்தாவில் பெட்டிக்குள் ஒரு கட்டும் வெளியே ஒரு கட்டும் வைத்தோம். பதினோரு மணிக்குப் பார்த்தால், வெளியே வைத்த கட்டுதான் பெட்டிக்குள் இருந்ததைவிடத் தளதளவென்று இருந்தது. மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நம்ம புத்தியப் பாத்தியாட்டி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே இருந்த கட்டைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போனேன். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்போரமாகக் கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். "எதுக்குத் தாயி கீரைய வாட்டுத?" என்று சமையல்காரர் கேட்டார். "சும்மாதான் அண்ணாச்சி" என்றேன். இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது. யாரிடமும் சொல்லாமல் கட்டைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

வெயிலில் வாடினால் இலை தொங்கும், தண்டு நிற்கும். அடுப்பில் வாடினால் தண்டும் குழைந்து, அவிந்த வாசம் வரும். இது எனக்கு இன்று தெரியும், அவளுக்கு அன்றே தெரியும். முகர்ந்துவிட்டுக் கட்டைக் கீழே வைத்தாள். மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "இது வெயில்ல வாடின கீரை இல்ல சார். அடுப்புல காட்டினது" என்றாள்.

நடுவர்களில் மூத்தவர் ஒரு அதிகாரி. "யாரு காட்டினது?" என்று கேட்டார்.

நான் குனிந்து விசிறியின் வயரைச் சரிசெய்யத் தொடங்கினேன். அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை. பிறகு மதினியின் குரல் கேட்டது. "நாந்தான் சார். இங்கன சாரல்ல இந்தப் பெட்டிக்கு வேல இல்ல. பங்குனி சித்திரையில பாவூர்சத்திரத்துக்கு வாங்க, நல்லா வேல செய்யுததக் காட்டுதேன்."

அவர்களுக்குப் பெட்டி பிடித்திருந்தது. எப்போது வேலை செய்யாது என்று மறைக்காமல் சொன்னது அதைவிடப் பிடித்திருந்தது. ஆனால் பொய்யாகக் காட்சி வைத்தவரைக் குழுவில் சேர்க்க விதி இடம் கொடுக்கவில்லை. விண்ணப்பத்தில் மதினி பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு என் பெயரில் பெட்டியைத் தேர்வு செய்தார்கள். அந்தக் கோட்டைப் போடும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். திரும்பி வரும் பஸ்ஸில், "தேறியாச்சுல்லா, பெறகு என்னத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?" என்று என் தொடையில் தட்டினாள் அவள்.

பயிற்சியில் நிறையக் கற்றுக்கொண்டேன், அதில் குறை சொல்ல முடியாது. பெட்டியின் எடையைக் குறைத்தோம், நாரைக் கழற்றி மாட்டும்படி செய்தோம். இன்றைக்குப் பாவூர்சத்திரத்தில் கீரை விற்கிற பெண்கள் பலரிடம் அது இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் என் நிறுவனத்தின் பெயர். கூட்டங்களில் என்னைக் கண்டுபிடிப்பாளர் என்று அறிமுகப்படுத்துகிறார்கள், நானும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உட்கார்ந்துகொள்கிறேன்.

இந்த வருடப் போட்டிக்கு என்னையே நடுவராக அழைத்திருக்கிறார்கள். போன வாரம் சந்தைக்குப் போய் மதினி பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் பேசாத பேச்சை அன்றுதான் எடுத்தேன். "இந்தத் தடவ மேடையில சொல்லிரப் போறேன் மதினி. கீரைய வாட்டினது நாந்தான்னு."

அவள் தண்டங்கீரையை வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தாள். "இனிமே சொல்லி என்ன ஆவப்போவுது? பெட்டி எல்லாருக்கும் கெடச்சிட்டு, அது போதும்" என்றாள். இரண்டு கட்டு முடித்து அடுக்கினாள். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னைக்கு அந்த சார் யாருன்னு கேட்டப்போ, நான் ஒடனே சொல்லலட்டி. நீ சொல்லுவன்னு கொஞ்ச நேரம் பாத்தேன்."