கொச்சிக்குப் போகாத முட்டை லோடு

1. சீயக்காய்

நானும் கால்நடை மருத்துவரும் ஜீப்பை விட்டு இறங்கியபோது, பாவாயி வீட்டு வாசலில் பெண்கள் அண்டாக்களைச் சுற்றி உட்கார்ந்து முட்டைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சீயக்காய்த் தண்ணீரில் முக்கி எடுத்தாள். அடுத்தவள் தேங்காய் நாரால் பட்டும் படாமலும் தேய்த்தாள். இன்னொருத்தி பழைய வேட்டித் துணியால் துடைத்து அட்டையில் அடுக்கினாள். ஒழுங்கான வேலைப் பிரிவினை. எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. நான் அங்கே ஊராட்சி ஒன்றியத்தில் தொழில் விரிவாக்க அலுவலர். ‘பெண் தொழில்முனைவோர்’ என்ற சொல் எங்கள் கோப்புகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பெண்கள் செய்யக்கூடியவை என்று எங்கள் அலுவலகம் அறிந்திருந்த தொழில்கள் தையல், ஊதுபத்தி, அப்பளம். பாவாயி தலைவியாக இருந்த மகளிர் மன்றத்துக்கும் தையல் இயந்திரம் கொடுத்திருந்தோம். அதை வைத்து அவர்கள் கோழித் தீவனச் சாக்கின் கிழிசலைத் தைத்தார்கள்.

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கோழிக் கொட்டகை உண்டு. கணவன்மார் பாதிப் பேர் லாரியோடு வெளிமாநிலத்தில் இருப்பார்கள். பண்ணையை நடத்தியது பெண்கள். விலையைச் சொன்னது முட்டை ஏஜென்ட். எவ்வளவு பெரிய முட்டையும் அவர் கைக்குப் போனதும் சிறிய முட்டையாகிவிடும். இதில் சலித்துப்போய்த்தான் பாவாயி எல்லோருடைய முட்டையையும் ஒன்றாகச் சேர்த்து, கொச்சி மண்டிக்கு மன்றத்தின் பெயரிலேயே லோடு அனுப்ப ஏற்பாடு செய்தாள். ஏஜென்ட் காதுக்கு விஷயம் போனது. அவர் கொள்முதலை நிறுத்திவிட்டார்.

“லோடு போயிட்டு வரட்டும் அம்முணி, அப்பறம் பேசிக்கலாம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாராம்.

ஏஜென்ட் நிறுத்தினார் என்பதற்காகக் கோழி நிறுத்துமா? முட்டை குவிந்தது. முதல் லோடு வீணானால் ஒவ்வொருத்தியும் தனித்தனியாக அவர் வாசலில் போய் நிற்க வேண்டும். அத்தோடு மன்றத்தின் வியாபாரமும் முடிந்தது. இது பாவாயிக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கிடையில் எங்கள் கோட்ட அதிகாரி ஊருக்கு வந்து போயிருந்தார். “மன்றத்துச் சரக்குன்னா பளிச்சுன்னு இருக்கணும். கவர்மென்ட் பேரு இதுல இருக்கு” என்று பேசியிருக்கிறார். அப்பளத்துக்கும் நாற்காலிக்கும் அவர் பேசுவது இதே பேச்சுதான். ஆனால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தைக்கூடப் புளி போட்டுத் துலக்கித் திருப்பிக் கொடுக்கிற பெண்கள் இவர்கள். கோழி எச்சம் ஒட்டிய முட்டையைக் கொச்சிவரை அனுப்ப அவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கிறது. அதிகாரியும் சொல்லிவிட்டார்.

“முட்டை ஓட்டு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கும்மா” என்றார் மருத்துவர். “அதைத் தேச்சு எடுத்துட்டீங்க. மண்டியில பத்து நாள் அடுக்கி வெப்பாங்க. இந்த வெயிலுக்கு நாறிப்போயிடும்.”

“அப்ப அழுக்கோடயே அனுப்பியிருக்கோணுங்களா?” என்றாள் பாவாயி.

“ஆமாம்மா.”

“இத உங்க ஆபீசரு சொல்லலீங்களே?”

நாங்கள் இருவரும் ஜீப்பைப் பார்த்தோம்.

2. கைவினைப் பொருட்கள்

கோட்ட அதிகாரிக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. “லோடை அனுப்பிடுங்க. அங்க போய்க் கெட்டா அது வியாபாரம். இங்க கெட்டா அது நம்ம ஃபைல்.”

அதைப் பாவாயியிடம் அப்படியே சொன்னேன்.

“கெட்டுப்போகும்னு தெரிஞ்சே அனுப்பிச்சா, ரெண்டாவது லோட எவன் சார் எறக்குவான்?” என்றாள். பிறகு அண்டா ஓரம் உட்கார்ந்து, கழுவிய முட்டை ஒன்றைக் கையில் உருட்டினாள். “கொண்டு போன அன்னிக்கே ஆக்கித் திங்கறவங்க வேணுங்க. எங்கூட்டுக்காரரு சேலம் சூரமங்கலத்துல லோடு எறக்கறப்ப பாத்திருக்கறாரு. ரயில்வே ஊடுங்க வரிசையா இருக்குதாமுங்க. அங்க போலாங்களா?”

போகலாம். ஆனால் மண்டிக்கு மொத்தமாக அனுப்புவது வேறு; மன்றம் தன் எல்லைக்கு வெளியே சில்லறை வியாபாரம் செய்ய விதியில் இடமில்லை. அதே விதியில், மன்றப் பொருட்களைக் ‘கண்காட்சி விற்பனை’ செய்யலாம் என்று வேறொரு பிரிவு இருந்தது. எந்த ஊரில் என்று அதில் இல்லை. கண்காட்சி ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்றும் இல்லை. விதி சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும்? அன்று மாலையே அனுமதி ஆணையில் கையெழுத்திட்டேன். அந்த அதிகாரம் எனக்கு இருந்தது. அப்படி ஒன்று இருப்பது எனக்கு முன்னால் இருந்தவர்களுக்குத் தெரியாது.

பேனர் ஒன்று வேண்டும். கிடங்கில் முந்தின வருடத்துப் பேனர் ஒன்று கிடந்தது: ‘மகளிர் மன்றக் கைவினைப் பொருட்கள் கண்காட்சி’.

“முட்டை கைவினைப் பொருளான்னு யாராவது கேட்டா?” என்றேன்.

“கழுவுனது கையிலதானுங்க சார்.”

மறுநாள் காலை பாவாயியின் கணவர் ஓட்டிய லாரி, முன்பக்கம் அந்தப் பேனரோடு ரயில்வே குடியிருப்புக்குள் நுழைந்தது. லாரியில் பாதிகூட நிறையாத லோடுதான். ஆனாலும் பெண்கள் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் வந்தவர் ஒரு ரயில் கார்டின் மனைவி.

“என்னம்மா இது, பிளாஸ்டிக் முட்டையா? இவ்ளோ வெள்ளையா இருக்குது?”

“கழுவுன முட்டைங்க. ரெண்டு நாளைக்குள்ள ஆக்கிப் போடுங்க. அதுக்கு மேல வெச்சீங்கன்னா கெட்டுப்போகுமுங்க.”

பின்னாலிருந்த ஒருத்தி பாவாயியின் சேலையைப் பிடித்து இழுத்தாள். “ஏனக்கா, நீயே கெட்டுப்போகும்னு சொன்னா யாரு வாங்குவா?”

“சொல்லாம வித்துப் போட்டு, மறுக்கா இந்தத் தெருவுக்குள்ள எந்த மூஞ்சிய வெச்சுட்டு வருவே புள்ள?”

அந்த அம்மாள் திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் ஒரு முட்டையை வெயிலில் தூக்கிப் பார்த்தார். “கடைக்காரன் ஒருத்தனும் இதைச் சொன்னதில்ல” என்றவர், மதிலுக்கு மேல் எட்டிப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரி அடுத்த வரிசையைக் கூப்பிட்டாள். ரயில்வே குடியிருப்பில் தந்தியைவிட வேகமாகப் போகும் வழி அது. மாலைக்குள் அட்டைகள் காலி.

லாரி கிளம்பும்போது அந்த அம்மாளே ஓடி வந்தார். “ரெண்டு நாள்ல தீத்துடணும்னு நீதானே சொன்ன? அப்ப மறுபடி எப்ப வருவ?”

பாவாயி அதை யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “செவ்வாக்கெழம வாரோமுங்க.”

செவ்வாய்க்கிழமை மருத்துவர் சொன்னபடி கழுவாத முட்டையைக் கொண்டு போனார்கள். “அன்னிக்கு வெள்ளையா இருந்துச்சே, அது எங்க?” என்று குடியிருப்புப் பெண்கள் கேட்டார்கள். அதன்பிறகு விற்கிற அன்று விடியற்காலையில் கழுவுவது வழக்கமாயிற்று.

3. நிறைவுறாத கண்காட்சி

கோட்ட அதிகாரி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், ‘எனது ஆலோசனையின்பேரில் முட்டைகள் கழுவப்பட்டு, நகர்ப்புறச் சந்தை உருவாக்கப்பட்டது’ என்று எழுதினார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஏஜென்ட் ஒருநாள் தானாகவே வந்தார். அப்போது நான் அங்கே இருந்தேன். “சீயக்கா செலவையும் சேத்துக் குடுத்தர்றேன் அம்முணி, முட்டைய எனக்கே போட்டுரு” என்றார்.

பாவாயி தீவனம் அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “சூரமங்கலம் போக மிச்சமிருந்தா சொல்லி அனுப்பறேனுங்கண்ணா. வெலைய நாங்க சொல்றோம்.”

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்தப் பெண்களுக்கு வியாபாரம் சொல்லிக் கொடுக்கப் போகாதீர்கள். தவறு நேர்ந்தால் அதைச் சரிசெய்ய அவர்களுக்கு வழி விடுங்கள். விதிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். தடுக்கிற பிரிவை எவனும் கண்டுபிடிப்பான். சம்பளம் வாங்குவது அனுமதிக்கிற பிரிவைக் கண்டுபிடிக்கத்தான்.

கண்காட்சி முடிந்ததும் ‘நிறைவுற்றது’ என்று அலுவலர் குறிப்பு எழுத வேண்டும். எழுதும்வரை கண்காட்சி நடப்பதாகவே கொள்ளப்படும். அந்தப் பதவியில் இருந்தவரை அந்தக் குறிப்பை நான் எழுதவில்லை. மாற்றலாகிப் போன அன்று, எனக்குப் பின் வந்தவரிடம் சாவிகளோடு இதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.